இன்னொருவருக்காகச் சொன்ன ஓம்

ஸ்டுட்கார்ட்
01.03.2026, ஞாயிறு

அண்ணைக்கு,

"அன்புள்ள" என்று எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை. சுகமாக இருக்கிறீர்களா என்றும் கேட்கப்போவதில்லை. உங்கள் சுகத்துக்கு என்ன குறை? எல்லாருக்கும் சேர்த்து நீங்களே முடிவெடுத்துக்கொண்டு நன்றாகத்தான் இருப்பீர்கள். போன் எடுத்தால் நான் இரண்டு சொல் சொல்வதற்குள் "வை வை, பிறகு கதைப்பம்" என்று வெட்டிவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வெட்ட ஏலாது. இருந்து முழுதையும் வாசியுங்கள்.

நேற்று மகன் கவிஷன் போன் எடுத்தான். இந்த வருடம் பதினெட்டு முடிகிற ஆண்பிள்ளைகளுக்கு இராணுவத்திலிருந்து கேள்விப்படிவம் வருகிறதே, அவனோடு வேலை பழகுகிற பெடியளுக்கெல்லாம் வந்துவிட்டதாம். தனக்கு மட்டும் வரவில்லையே என்று சாப்பிடும்போது சொல்லியிருக்கிறான். அதற்கு மச்சாள் சோற்றைப் போட்டுக்கொண்டே, "அதைப்பற்றி யோசியாதை தம்பி, மாமா மாசத் துவக்கத்திலையே நிரப்பி அனுப்பிப்போட்டார்" என்றாவாம். காஸ் பில் கட்டிவிட்டார் என்று சொல்வது மாதிரி.

ஆவுஸ்பில்டுங் தொழிற்பயிற்சிக்காக அவனை உங்கள் வீட்டில் விட்டேன். உங்கள் விலாசத்தில் பதிந்தேன். அவனுக்கு வருகிற கடிதத்தை உடைக்கச் சொல்லி உங்களிடம் விடவில்லை. இந்த நாட்டில் அடுத்தவர் கடிதத்தை உடைப்பது குற்றம் என்று நாற்பது வருடமாக இங்கே இருக்கிற உங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நாங்கள் அடுத்தவர்கள் இல்லை, அதுதானே? நாங்கள் உங்கள் சாமான்.

என்ன பதில் போட்டீர்கள் என்று நான் கேட்கவே தேவையில்லை. "இந்த நாடு எங்களுக்குச் சோறு போட்டது, நாங்கள் திருப்பிச் செய்யவேணும்" என்று ஒவ்வொரு ஒன்றுகூடலிலும் மைக்கைப் பிடித்துச் சொல்கிறவர் நீங்கள். திருப்பிச் செய்கிற ஆள் மட்டும் எப்போதும் வேறு யாரோ.

நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் தொண்ணூற்றொரு வயதுக் கிழவி ஒருத்தி இருக்கிறா. இரவில் கட்டிலிலிருந்து விழுந்துவிடுவா. விழாமல் இருக்கக் கட்டிலின் பக்கக் கம்பியை உயர்த்தவேணும். அவ வேண்டாம் என்கிறா. அண்ணை, அந்தக் கம்பியை உயர்த்த நீதவானிடம் அனுமதி எடுக்கவேணும். மறதி நோய் வந்த கிழவிக்கே அவவின் "இல்லை"யைத் தாண்டி ஒரு கம்பியை உயர்த்த எனக்கு அதிகாரம் இல்லை. என் பிள்ளையை இராணுவத்துக்கு எழுதிக் கொடுக்க உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது?

எங்கள் வீட்டில் ஒருவனைக் கொடுத்தது போதாதா? வன்னியில் இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒருவர் என்று வந்து நின்றபோது அம்மா உங்களுக்குத்தான் போன் எடுத்தா. நீங்கள் இங்கே தமிழ்ச் சங்கத்தில் செயலாளர், உங்கள் பேச்சு அங்கே எடுபடும் என்று நம்பினா. தம்பி சயந்தனை விடுங்கோ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வாயே திறக்கவில்லை. பதினெட்டு வருடமாக உங்களுடைய அந்த மௌனத்தை விழுங்கிக்கொண்டுதான் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உங்கள் வீட்டுக்கு வந்துபோனேன். இனி விழுங்க என்னிடம் இடம் இல்லை.

என்ன எழுதினீர்கள் என்று எழுத்தில் பதில் தாருங்கள். மாத முடிவில் கவிஷன் உங்கள் வீட்டை விட்டு வெளிக்கிடுகிறான்.

சந்திரகாந்தி


பீலெஃபெல்ட்
08.03.2026

விடயம்: 01.03.2026 திகதியிட்ட உனது கடிதம்

தங்கச்சி காந்தி,

கிடைத்தது. வாசித்தேன். உன் மச்சாளும் வாசித்து அழுதாள். சோறு போட்டுக்கொண்டே சொன்னதாக அவளையும் இழுத்து எழுதியிருக்கிறாய். உன் மகனுக்குச் சோறு போடுவதும் குற்றமாகிவிட்டது.

அடுத்தவர் கடிதம் என்று எனக்குச் சட்டம் சொல்கிறாய். நீ இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து உனக்கு வந்த எந்தக் கடிதத்தை நான் உடைக்கவில்லை? அகதி அன்ராக் விண்ணப்பம் யார் நிரப்பியது? விசா நீடிப்பு, வீட்டு அன்ராக், பிள்ளைக் காசு அன்ராக், கவிஷனுடைய அப்பா உங்களை விட்டுப் போனபோது நீதிமன்றத்துக்கு எழுதியது, குடியுரிமைக்கு எழுதியது, ஒவ்வொன்றும் இந்தக் கைதான். "அண்ணை, எனக்கு விளங்குதில்லை, நீங்களே பாத்துச் செய்யுங்கோ" என்று அரசாங்கத்து மஞ்சள் கவரை நீட்டிய ஆள் நீ. அப்போது இந்த உரிமைக் கதை எதுவும் நான் கேட்கவில்லை. பீலெஃபெல்ட்டில் பாதித் தமிழருக்கு நான்தான் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். ஒருவர் கூட என்னைக் கள்ளன் என்று சொன்னதில்லை. என் கூடப்பிறந்தவள்தான் சொல்கிறாள்.

இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்றும் எனக்குத் தெரியும். உன் மகன் இங்கே சாப்பாட்டு மேசையில் இருந்து எனக்கு அரசியல் படிப்பிக்கிறான். தான் லிபர்ட்டேரியனாம். அந்த பென்ஜமின் என்கிற பெடியனோடு சேர்ந்து ஸ்டுட்கார்ட்டில் ஏதோ வாசிப்பு வட்டத்துக்குப் போய்ப் படித்த படிப்பு. ஒருவனுடைய உடம்பும் உழைப்பும் அவனுக்கு மட்டும்தான் சொந்தமாம். சம்மதம் இல்லாமல் எடுத்தால் எடுத்தது அரசாங்கமாக இருந்தாலும் களவாம். வரியும் களவாம். இதையெல்லாம் கோழிக்கறியை இரண்டாம் தரம் போட்டுக்கொண்டே சொன்னான். "இந்தக் கோழி என்ரை உழைப்பு, கேட்டோ எடுத்தனி?" என்றேன். "நீங்கள் விரும்பித் தந்தனீங்கள் மாமா, அதுதான் வித்தியாசம்" என்கிறான். அவனுடைய பல்லுக்குக் கம்பி போட்டது யாருடைய உழைப்பு என்று அவனிடம் ஒருக்கால் கேள். நாங்கள் ஒரு சொல் பாஷை தெரியாமல் வந்து நின்றபோது எங்களுக்குக் கம்பளி தந்தது முகம் தெரியாத ஆட்கள் கட்டிய வரிதான். அந்த ஆட்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

நீயும் இப்போது அவன் பின்னால் போகிறாய். சம்மதம், சம்மதம். தொண்ணூற்று நாலில் நான் கொழும்புக்கு வந்து ஏஜென்சிக்காரனிடம் உன்னை ஒப்படைத்தபோது உன் சம்மதத்தையா கேட்டேன்? கேட்டிருந்தால் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருப்பாய். பிறகு உனக்கு ஸ்டுட்கார்ட் ஏது, கவிஷன் ஏது?

இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். கடிதம் பெப்ரவரி முதல் கிழமை வந்தது. உடைத்தேன். அதிலிருந்த குறியீட்டைப் போனில் பிடித்து நிரப்பினேன். நீ நினைத்த மாதிரி அவனை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. இராணுவத்தில் விருப்பமா என்ற கேள்விக்கு இல்லை என்று போட்டேன். துளியும் இல்லை என்று போட்டேன். சுகயீனம் ஏதும் உண்டா என்ற இடத்தில் கடுமையான மூச்சு இழுப்பு என்று போட்டேன். சின்னனில் அவனுக்கு இழுப்பு இருந்ததுதானே. அவனிடம் விட்டிருந்தால் கொள்கை அது இது என்று பதிலே போடாமல் இருந்து தண்டம் வாங்கியிருப்பான், அல்லது விளையாட்டாக ஓம் என்று போட்டிருப்பான். அந்த வயதில் ஓம் எப்படி வாயில் வரும் என்று எனக்குத் தெரியும். ———————————————— ஆகவே நானே செய்தேன், கேட்காமல்தான் செய்தேன்.

இப்போது சொல், யார் யாரிடம் மன்னிப்புக் கேட்கவேணும்? அறை அப்படியே இருக்கிறது. அவன் எங்கேயும் போகத் தேவையில்லை.

அன்பு அண்ணன்
வே. தங்கராசா


ஸ்டுட்கார்ட்
14.03.2026, சனி

அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நீலப் பேனையால் வெட்டியிருக்கிறீர்கள். நாலு தரம் அழுத்தி வெட்டியிருக்கிறீர்கள், தாள் மறுபக்கம் புடைத்திருக்கிறது. யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். முதல் வாசித்தபோது நம்பவில்லை. குசினிக்குப் போய்த் தேத்தண்ணி வைத்துவிட்டு வந்து திரும்பப் பிடித்தேன்.

"தம்பிக்காக நான் ஒருக்கால் ஓம் சொன்னது காணும், போதும்."

எந்த ஓம் அண்ணை?

அம்மா போன் எடுத்தா, நீங்கள் வாய் திறக்கவில்லை, இவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஓம் என்று ஒன்று இருந்தது எனக்குத் தெரியாது. யார் கேட்டது? எதற்கு ஓம்? இதற்குப் பதில் எழுதாமல் வேறு எதையும் எழுதி அனுப்பாதீர்கள். நான் உடைக்கமாட்டேன்.

மற்றதுகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வாயடைத்துப் போனாள் என்று நினைப்பீர்கள்.

இல்லை என்று போட்டதால் பாவம் கழுவப்பட்டதா? கவிஷனிடம் சொன்னேன். ஓம் என்று போட்டிருந்தால்கூட இவ்வளவு கொதித்திருக்கமாட்டான். "அம்மா, மாமா என்ரை பேரிலை பொய் சொல்லியிருக்கிறார். நான் கிழமையிலை மூண்டு நாள் ஃபுட்போல் விளையாடுறன்" என்று கத்தினான். ஏழு வயதோடு நின்ற இழுப்பு உங்கள் கையால் திரும்ப வந்துவிட்டது. ஓம் என்றால் என்ன, இல்லை என்றால் என்ன, அவனுடைய வாயை நீங்கள் எடுத்து உங்கள் முகத்தில் ஒட்டிக்கொண்டு பேசியிருக்கிறீர்கள். இதற்குப் பெயர் உதவி இல்லை.

வரி விஷயத்தில் அவனோடு எனக்கும் சண்டைதான். பல்லுக் கம்பியை அவனுக்கு முதலில் ஞாபகப்படுத்தியது நான். எங்கள் இல்லத்துக் கிழவிகளைப் பிள்ளைகள் மனம் வந்து பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் பாதிப்பேர் ஈரத்துணியோடு கிடப்பார்கள் என்று சொன்னேன். "அதுக்கும் வழியிருக்கு அம்மா" என்று ஒரு புத்தகத்தைத் தந்தான். ஜெர்மன் புத்தகம், அகராதியோடு இருந்து வாசித்தேன். பாதி எனக்குச் சரிவரவில்லை. எழுதினவர் ஒருநாளும் ஒருவருக்கும் குளிக்கவார்த்திருக்கமாட்டார் என்று நினைத்தேன். ஆனால் மற்றப் பாதியை மூன்று தரம் வாசித்தேன். என் சம்பளத்தில் ஒரு பங்கை எடுப்பதற்கும் என்னையே எடுப்பதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம் நான் முணுமுணுத்துக்கொண்டு தருவேன். அந்தப் பக்கம் ஒருவரும் வரக்கூடாது, நாடும் வரக்கூடாது, இனமும் வரக்கூடாது, கூடப்பிறந்த அண்ணனும் வரக்கூடாது. இது நான் பெடியனுக்குப் பின்னால் போய்ப் பொறுக்கின கதை இல்லை. ஐம்பது வயதில் நானே இருந்து யோசித்தது.

அன்ராக் கணக்குச் சொல்கிறீர்கள். ஓம், நான்தான் மஞ்சள் கவரை நீட்டினேன். நான் நீட்டினேன் அண்ணை. கவிஷன் நீட்டவில்லை. இந்த வித்தியாசம் உங்களுக்கு விளங்கவே இல்லையா, அல்லது விளங்கக்கூடாது என்று இருக்கிறீர்களா?

கொழும்பு பற்றியும் எழுதியிருந்தீர்கள். கேட்டிருந்தால் நான் வந்திருப்பேன். ஒரு இரவு அழுதிருப்பேன், விடிய அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருப்பேன். கேட்காமல் கோவிலுக்கு என்று சொல்லி ஏற்றிவிட்டீர்கள். அம்மாவுக்குப் போயிட்டு வாறன் என்று ஒரு சொல் சொல்லவில்லை நான். அதற்குப் பிறகு அவவை உயிரோடு காணவும் இல்லை.

எந்த ஓம்?

காந்தி


பீலெஃபெல்ட்
29.03.2026

விடயம்: என்ன தலைப்பு என்று தெரியவில்லை

காந்தி,

இதற்கு முன் மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். உன் மச்சாளுக்கு இன்னும் தெரியாது. அன்று அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும், அவ போய்விட்டா.

2008, தைமாதம். சங்கக் கட்டிடத்தில் கூட்டம். பதினைந்து இருபது பேர் இருந்தோம். அந்தக் கிழமை முழுவதும் நான் வீடு வீடாகப் போய், இது எங்கள் எல்லாருடைய போராட்டம், ஒவ்வொரு குடும்பமும் பங்கு எடுக்கத்தான் வேணும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். கூட்டத்தின் நடுவில் போன் வந்தது. அங்கிருந்து ஒருவர், எனக்குப் பழக்கமான குரல். "உங்கடை தம்பி ஒளிச்சுத் திரியிறார். உங்கடை அம்மா எங்களை உள்ளுக்கு விடுறா இல்லை. நீங்கள் அங்கை முன்னுக்கு நிண்டு வேலை செய்யிற ஆள். வீட்டுக்கு மூத்த ஆம்பிளை. உங்கடை குடும்பத்திலையிருந்து ஒருத்தரை எடுக்கலாம்தானே? ஓமோ?"

ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். எல்லாருக்கும் கேட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களுடைய அண்ணன் தம்பிமாரும் அங்கேதான் இருந்தார்கள். நான் ஓம் என்றேன்.

கனக்க யோசித்துச் சொன்னதில்லை. வெளிக்கிடுவமா என்று கேட்டால் ஓம் என்போமே, அப்படி வந்தது. ஒருவர் கைதட்டினார், பிறகு எல்லாரும் தட்டினார்கள். எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைத்து எழுதினால் இந்தக் கடிதத்தையும் கிழிக்கவேண்டி வரும்.

அம்மா அன்று பின்னேரம் எனக்குப் போன் எடுத்தது உனக்குத் தெரியும். தம்பியை விடச்சொல்லிக் கேட்கத்தான் எடுத்தா என்று உன்னிடம் நான் சொல்லியிருந்தேன். அது பொய். நாலு மாதமாக அவனை மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் வெட்டின பதுங்கு குழியில், பங்கருக்குள் வைத்துச் சோறு கொடுத்துக் காத்தவ அவ. அவர்கள் போய், "மூத்தவர் ஓம் எண்டிட்டார் அம்மா" என்று சொல்லியிருக்கிறார்கள். அவ நம்பவில்லை. உண்மையா என்று கேட்கத்தான் எடுத்தா. "ஓமோ தம்பி?" என்று கேட்டா. நான் ஓம் அம்மா என்றேன். சரி என்று வைத்துவிட்டா. அவவே போய் அவனைக் கூப்பிட்டு வெளியில் விட்டாவாம். "அண்ணை ஓம் எண்டவராம், வா" என்று.

பதினாறு மாதம். பிறகு ஒரு செய்தியும் இல்லை. அம்மா அதற்குப் பிறகு இரண்டு வருடம் உயிரோடு இருந்தா. ஒவ்வொரு கிழமையும் என்னோடு கதைத்தா. கறி என்ன, பனி கொட்டுதோ என்று கேட்டா. அதை மட்டும் கதைக்கவே இல்லை. ஒரு நாள் ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

கவிஷனுடைய கவரில் அந்தக் கழுகு முத்திரையைக் கண்டதும் நின்ற இடத்திலேயே உடைத்துவிட்டேன். இந்த நாடு வேறு, அந்தக் காலம் வேறு, எல்லாம் தெரியும். ஆனால் இந்த வீட்டில் இன்னொரு தரம் ஓம் போகக்கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன். கேட்கவேணும் என்று தோன்றவில்லை. கேட்டு எனக்குப் பழக்கமில்லை காந்தி. என்னிடம் எல்லாரும் கவரைத்தான் நீட்டினார்கள், நான் நிரப்பிக்கொண்டே இருந்துவிட்டேன்.

நான் உன்னிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். மன்னித்தேன் என்று ஒரு சொல் எழுது. அம்மாவும் இல்லை, அவனும் இல்லை, உன்னைத் தவிர அதைச் சொல்ல ஆள் இல்லை. அறுபதைத் தாண்டப்போகிறேன். பிரஷர் குளிசை இரண்டாகிவிட்டது. ஒரு சொல் காணும்.

அண்ணன்
தங்கராசா


ஸ்டுட்கார்ட்
25.04.2026, சனி

அண்ணைக்கு,

நாலு கிழமை எடுத்தேன். முதல் கிழமை வேலைக்கு லீவு போட்டேன். உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து, ஒவ்வொரு தரமும் அந்தக் கைதட்டல் வருகிற இடத்தில் எழும்பிப் போனேன். கைதட்டினவர்களில் எத்தனை பேர் என் கலியாணத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள் என்று எண்ணிப் பார்த்தேன்.

உங்களை நான் ஒருநாளும் நீ என்று சொன்னதில்லை. இந்த ஒரு வரியில் மட்டும் சொல்கிறேன். அவன் இருபத்தைந்து வயது மனிசன், அவனுக்கு வாய் இருந்தது, நீ யாரடா அவனுக்கு ஓம் சொல்ல?

அம்மா அவனைச் சாகக் கொடுக்கவில்லை என்று நினைத்திருந்தேன். பறித்துக்கொண்டு போனார்கள் என்று நினைத்திருந்தேன். நீங்கள் அவவின் கையாலேயே அவனை வெளியில் எடுப்பித்திருக்கிறீர்கள். அந்தப் பங்கருக்குள் இருந்து அவன் என்ன நினைத்துக்கொண்டு வந்திருப்பான்? அண்ணை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பான். எங்கள் எல்லாருக்கும் அப்படித்தான் பழக்கியிருந்தது.

டுஸ்ஸல்டோர்ஃபில் ஊர்வலம் போனபோது "சுயநிர்ணய உரிமை" என்று எழுதிய பதாகையின் ஒரு கம்பை நீங்கள் பிடித்தீர்கள், மற்றக் கம்பை நான் பிடித்தேன். படம் இப்போதும் உங்கள் விறாந்தையில் தொங்குகிறது. தன்னைத் தானே தீர்மானிக்கிற உரிமை. அந்தச் சொல்லில் இருக்கிற "சுய" யார் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை அண்ணை. ஒரு இனத்துக்கு இருக்கிறது, அந்த இனத்தில் ஒருத்தனுக்கு இல்லை என்றால் அது என்ன உரிமை? எங்களுக்கு ஒரு நாடு வேணும் என்பதை நான் இன்றைக்கும் விடவில்லை. ஆனால் பங்கருக்குள் ஒளிந்திருந்து எனக்குப் பயமாக இருக்கிறது, நான் வரவில்லை என்று ஒரு பெடியன் சொன்னால், சரி தம்பி, நீ இரு என்று சொல்லத் தெரிந்த நாடாக இருந்தால் மட்டும் வேணும். இல்லாவிட்டால் எனக்கு வேண்டாம். இதைச் சொன்னதற்கு என்னைத் துரோகி என்றால் சொல்லுங்கள், சங்கத்திலும் சொல்லுங்கள்.

இனி கவிஷன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, என்றாலும் எழுதுகிறேன்.

மாத முடிவில் அவன் உங்கள் வீட்டை விட்டு வெளிக்கிடுவான் என்று எழுதினேன் அல்லவா. அவனுக்குப் பீலெஃபெல்ட்டிலேயே ஒரு அறை பார்த்தேன். இணையத்தில் பார்த்தேன், வீட்டுக்காரியோடு கதைத்தேன், ஒப்பந்தத்தை அனுப்பினா, கவிஷன் என்று அவனுடைய பெயரில் கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டேன். அவனுடைய கையெழுத்து எனக்குத் தெரியும், இடப் பக்கம் சாய்த்து எழுதுவான், பள்ளிக்கூடக் கடிதங்களில் பழகினது. எல்லாம் முடித்துவிட்டுத்தான் அவனுக்கு எடுத்துச் சொன்னேன். "முதலாந் திகதி சாமானை எடுத்துக்கொண்டு போ, மாமா வீட்டிலை ஒரு நிமிஷம் நிக்காதை" என்றேன்.

எல்லாவற்றையும் கேட்டு முடித்தான். பிறகு, "அம்மா, நீங்கள் எந்தப் பேனையாலை போட்டனீங்கள்? மாமாவின்ரை பேனையாலையோ?" என்று கேட்டான்.

போனை வைத்துவிட்டேன். ஏசவேணும் போல இருந்தது, அவனை ஏச ஒன்றும் இல்லை. அடுத்த நாள் வீட்டுக்காரிக்கு எழுதி ஒப்பந்தத்தை இல்லாமல் செய்தேன். என்ன சொன்னேன் தெரியுமா? கையெழுத்து என் மகனுடையது இல்லை, நான் போட்டது, அவன் சம்மதிக்கவில்லை என்று எழுதினேன். அவ என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பா. எவ்வளவு கோபத்தோடு உங்களுக்கு முதல் கடிதம் எழுதினேன், அதே கிழமை அதே வேலையைச் செய்தேன். உங்களிடமிருந்து பழகின கை என்று சொல்லித் தப்பலாம். சொல்லமாட்டேன். அது என் கை.

அவன் உங்கள் வீட்டிலேயே இருக்கப்போகிறானாம். "மாமாவோடை எனக்குக் கோவம்தான், ஆனால் எங்கை இருக்கிறது எண்டு நான் முடிவெடுக்கிறன்" என்றான். சயந்தனைப் பற்றி எல்லாம் அவனுக்குச் சொன்னேன். உங்கள் கடிதத்தைக் காட்டவில்லை, அது எனக்கு எழுதினது. அவன், "மாமாவுக்கு ஆராவது இல்லை எண்டு சொல்லப் பழக்கியிருக்கலாம்" என்றான். இரக்கமா நக்கலா என்று எனக்கு விளங்கவில்லை.

இராணுவத்துக்கு அவனே எழுதிவிட்டான். முந்தின பதில் தான் போட்டது இல்லை, இழுப்பு இல்லை, திருத்தித் தரவேணும் என்று. உங்கள் பெயரை எழுதவில்லையாம். புதிய படிவத்தைத் தானே நிரப்பினான். என்ன போட்டாய் என்று கேட்டேன். "சொல்லமாட்டன் அம்மா. அது என்ரை பதில்" என்றான்.

அண்ணை, எனக்கு நித்திரை இல்லை. பென்ஜமின் கொள்கைக்காகப் பதிலே போடப்போவதில்லையாம். இவன் அப்படி இல்லை. இவனுக்கு ட்ரோன், என்ஜின், கருவிகள் என்றால் பைத்தியம். ஓம் என்று போட்டிருப்பான் என்று ஒரு நாள் நினைக்கிறேன், இல்லை என்று மற்ற நாள் நினைக்கிறேன். போனைக் கையில் எடுப்பேன், கேட்கப் போவேன், வைத்துவிடுவேன். ஒருவனுடைய உயிருக்கு அவன்தான் சொந்தக்காரன் என்று உங்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதினவள் நான். அவன் ஓம் என்று போட்டிருந்தாலும் அது அவனுடைய ஓம். இந்தக் கொள்கை இவ்வளவு நோகும் என்று அந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கவில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்ட சொல்.

எழுதினேன், பிறகு வெட்டினேன். வெளிச்சத்தில் பிடிக்கவேண்டாம், அது வேறு தாள், கிழித்துவிட்டேன். உங்களை மன்னித்தேன் என்று சொல்ல நான் யார்? பங்கருக்குள் இருந்து வெளியில் வந்தது நான் இல்லை. சயந்தனுக்காக நீங்கள் ஒருக்கால் ஓம் சொன்னீர்கள். மன்னித்தேன் என்று நான் எழுதினால் அவனுக்காக இரண்டாந்தரம் ஓம் சொன்ன ஆள் நானாவேன். நான் சொல்லமாட்டேன். அவனுடைய சொல் அவனோடு போய்விட்டது. அது உங்களுக்கு ஒருநாளும் கிடைக்காது, நீங்கள் அதோடுதான் இருக்கவேணும்.

அம்மாவின் பங்கும் அப்படித்தான். அவ சொல்லாமல் போனதை நான் சொல்ல ஏலாது.

என் பங்கு ஒன்று மிச்சம் இருக்கிறது. அது சின்னப் பங்கு. கோவிலுக்கு என்று சொல்லி ஏற்றிவிட்டதும், பதினெட்டு வருடம் பொய் சொன்னதும். அதற்கு மட்டும் என்னால் பதில் சொல்ல ஏலும். இப்போதைக்கு என் பதில் இல்லை என்பதுதான். பிறகும் இதுதான் பதில் என்று நான் சொல்லவில்லை. என்னை அவசரப்படுத்தாதீர்கள். மச்சாளைக் கொண்டும் கேட்பிக்காதீர்கள்.

குளிசையை நேரத்துக்குப் போடுங்கள்.

சந்திரகாந்தி


பீலெஃபெல்ட்
20.05.2026

காந்தி,

இன்று பதினொரு மணிக்குத் தபால் வந்தது. இராணுவத்திலிருந்து கவிஷனுக்கு ஒரு கடிதம். போன தரத்தை விடத் தடிப்பு.

உடைக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்தும் பார்க்கவில்லை. உன் மச்சாள் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். தெரியாது, அது பெடியன்ரை கடிதம் என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அவனுடைய மேசையில் வைத்திருக்கிறேன். அறைக் கதவைச் சாத்தவில்லை, விறாந்தையில் இருந்து பார்த்தால் தெரிகிறது. மூன்று தரம் போய் அது அங்கேதான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். வேலை முடிந்து நாலரைக்கு வருவான்.

இப்போது மணி ஒன்றரை.

தங்கராசா